விடிந்த பிறகு ஒரு மத்தாப்பு

தீபாவளியன்று எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல் நாலரைக்கே முடிந்துவிடும். புதுச்சட்டையில் தடவிய மஞ்சள் காய்வதற்குள் முதல் வெடியைப் போட்டாக வேண்டும். நான் வளர்ந்த தெருவில் அதுதான் சட்டம். யார் வீட்டு வெடி தெருவை எழுப்புகிறதோ, அந்த வீட்டுப் பையன்களுக்குப் பொங்கல்வரை மிதப்பு.

போன தீபாவளிக்கு என் பேத்தி, லேகியத்தை விழுங்கிவிட்டு, ஊதுவத்தியும் கையுமாக வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். "தாத்தா, மணி ஆறாயிடுச்சா?" ரோந்து வந்த காவலர் பைக்கை நிறுத்தி, "இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு சார், பாப்பாகிட்ட சொல்லுங்க" என்றார். அவரும் எண்ணெய் தேய்த்துக் குளிக்காத முகத்தோடுதான் இருந்தார்.

வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. இந்தக் கணக்கு 2018-இல் வந்தது. அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 என்று நேரம் குறித்தது. லட்சுமி பூஜை முடித்துக் கொளுத்தும் வடக்கத்திக்காரர்களுக்கு அது சரி. நமக்கு விடியல்தானே தீபாவளி? சாயங்காலத்துக்கு மிஞ்சுவது நமத்துப்போன நாலு வெடி. தமிழக அரசு முறையிட்டது. நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், மொத்தம் இரண்டு மணியைத் தாண்டக் கூடாது என்றது நீதிமன்றம். அரசு அதை ஆளுக்குப் பாதியாகப் பிட்டுக் கொடுத்தது.

ஆறுக்கு முன்னால் போகவும் வழியில்லை. இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை சத்தமெழுப்பும் வெடி கூடாதென்று 2005-லேயே தீர்ப்பு இருக்கிறது. ஆனால் அன்று தடை வெடிக்குத்தான், மத்தாப்புக்கு இல்லை. இப்போது எல்லாம் ஒரே கூடையில். அக்டோபர் கடைசியில் ஆறு மணிக்குச் சென்னையில் சூரியன் எட்டிப்பார்த்துவிடும். வெளுத்த வானத்தில் புஸ்வாணம் வெறும் புகை. பகலில் எடுபடுவது லட்சுமி வெடியும் அணுகுண்டும்தான். காற்றைக் காக்க வந்த விதி, சத்தமே போடாத கம்பி மத்தாப்பை முதலில் அணைத்துவிட்டது.

இடத்துக்கும் விதி உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றம், கோயில் போன்றவற்றைச் சுற்றி நூறு மீட்டருக்குள் வெடிக்கக் கூடாது. எங்கள் தெருமுனையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. ஒருநாள் அடியெண்ணி நடந்து பார்த்தேன். எங்கள் வாசல் தப்பியது, எதிர்வரிசையில் நாலு வீடு மாட்டியது. பத்தாயிரம் வாலா வெடிப்பது அந்த நாலில் ஒன்று. (சரவெடிக்கே தடை என்பது தனிக்கதை.) கடிகாரம் எல்லோரிடமும் இருக்கிறது, அளவுநாடாவோடு யார் ரோந்து வருவார்கள்? எனக்கென்னவோ, அந்த ஒரு மணி நேரத்தைவிட இந்த நூறு மீட்டர்தான் பெரிதாகப் படுகிறது.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டி கொள்ளுக்குடிப்பட்டி என்றொரு ஊர். கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் மிரளுமென்று பல பத்தாண்டுகளாக அங்கே வெடிப்பதே இல்லை. வனத்துறைக்காரர்கள் தீபாவளிக்கு இனிப்போடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். எந்தத் தீர்ப்பும் அந்த ஊரைக் கட்டிப்போடவில்லை.

ஆறு அடித்தது. பேத்தி மத்தாப்பைக் கொளுத்தினாள், உதட்டைப் பிதுக்கினாள். பிறகு அடுத்ததை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் இருந்த இருட்டு மூலைக்கு ஓடினாள். வாளித் தண்ணீரோடு நானும் பின்னால் போனேன்.