காடு என்னும் சொல்லும் பட்டா நிலமும்

கொங்கு நாட்டில் ஒருவர் ‘காட்டுக்குப் போகிறேன்’ என்றால் வேட்டைக்குப் போகிறார் என்று பொருளன்று, களையெடுக்கப் போகிறார். சோளக்காடு, பருத்திக்காடு, கம்மங்காடு என மானாவாரி நிலத்தையே காடென்று வழங்கும் மரபு அங்கும் கரிசல் பூமியிலும் இன்றும் உயிரோடிருக்கிறது. முல்லைக்கும் மருதத்துக்கும் இலக்கணம் கற்பிக்கும் நாம் இதனை வட்டார வழக்கு என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். ஆனால், தம் புன்செய் நிலத்தை மெய்யாகவே மரக்காடாக மாற்ற விழையும் உழவருக்கு, காடு என்பது யாது என்னும் வினா உச்ச நீதிமன்றம் வரை சென்று வந்த வினாவாகும்.

நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் நிகழ்ந்த மரவெட்டு தொடர்பாக, 1995இல் கோதவர்மன் திருமுல்பாடு வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 12 அன்று அவ்வழக்கில், காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும், நிலம் எவருடையது என்பது பொருட்டன்று என உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எஞ்சியிருந்த காடுகளைக் காத்த ஆணை அது. அதில் நமக்குக் குறையில்லை. அகராதி ஒன்று அரம்பத்தைத் தடுத்தது என்பதில் தமிழாசிரியர்களாகிய நமக்குச் சிறு மகிழ்ச்சியும் உண்டு. ஆயினும், நட்ட மரங்கள் அடர்ந்துவிட்டால் நம் நிலமும் காடாகி 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் போய்விடுமோ என்னும் அச்சம் பட்டாதாரர்களிடையே அதனால் வேர்விட்டது. 2023ஆம் ஆண்டின் திருத்தம், காடென அறிவிக்கப்பட்ட அல்லது அரசு ஆவணத்தில் பதிவான நிலங்களோடு சட்டத்தின் எல்லையைச் சுருக்கியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமோ, இடைக்கால ஏற்பாடாகப் பழைய அகராதிப் பொருளையே பின்பற்றுமாறு பணித்தது. வழக்கறிஞரே தயங்கி விடை கூறும் இடத்தில் உழவர் எதை நம்பிக் கன்று நடுவார்?

கன்று கிடைப்பதில் தடையொன்றும் இல்லை. 2021-22இல் தமிழக அரசு தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில், உழவன் செயலியிலோ வேளாண் விரிவாக்க மையத்திலோ பதிவு செய்தவர்களுக்கு வனத்துறை நாற்றங்கால்களிலிருந்து இலவசக் கன்றுகள் வழங்கப்பட்டன. வரப்போரமாயின் ஏக்கருக்கு 50. நிலம் முழுவதுமாயின் 160. இரண்டாம் ஆண்டு முதல் மூன்றாண்டுகளுக்கு, பிழைத்த கன்றொன்றுக்கு ஆண்டுதோறும் 7 ரூபாய் ஊக்கத்தொகை என்பது விதி. நல்ல திட்டமே. ஆனால் அது எண்ணியது கன்றுகளை. இருபதாண்டு கழித்து அம்மரத்தின்மீது எவருக்கு என்ன உரிமை என்பதுதானே உழவரின் கவலை?

அக்கவலை வெற்றுக் கற்பனை என்று சொல்வதற்கில்லை. சந்தனத்தையே பாருங்கள். 2002இல் சட்டம் திருத்தப்படும்வரை, தம் பட்டா நிலத்தில் தானே முளைத்த சந்தன மரத்தின்மீதும் உழவருக்கு முழு உரிமை இருந்ததில்லை. மரம் முளைத்துவிட்டதே என்று வருந்தியவர்களும், ஓசையின்றிப் பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு. அறிவிக்கை செய்யப்பட்ட மலைப்பகுதிகளிலோ, 1955ஆம் ஆண்டின் சட்டப்படி மரம் வெட்ட மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும்.

காடழித்து நாடாக்கியதைக் கரிகாலனின் பெருமையாகப் பட்டினப்பாலை பேசுகிறது. நம் வருவாய்த்துறை ஏடுகளும் அந்தத் திசையில் நடந்தவையே. உழுத நிலத்தை அளந்து தீர்வை விதிக்கப் பிறந்தவை அவை. நாட்டை மீண்டும் காடாக்குவோரை அவை எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு பசலியிலும் எந்தப் புல எண்ணில் என்ன விளைந்தது என்று எழுதுவதே அடங்கல். உழாமல், விதைக்காமல், தானே முளைப்பதை வளரவிட்ட நிலத்தை அதில் எப்படி எழுதுவது? பெரும்பாலும் ‘தரிசு’ என்றுதான். பத்தாண்டு உழைப்புக்கு அரசேடு தரும் பெயர் அது!

நாம் கேட்பது பெரிய சட்டத்தையன்று. கன்று வழங்கும் நாளிலேயே, இவை உரிமையாளர் தம் விருப்பில் நட்டவை, இன்ன ஆண்டில் இன்ன மரங்கள் இத்தனை, இவற்றை வெட்டும் உரிமை அவருடையதே என்று அடங்கலில் எழுதி, அதன் படியொன்றை அவர் கையில் தர வேண்டும். தாமாக முளைத்தவற்றுக்கும் ஆண்டுதோறும் அவ்வாறே பதிவு வேண்டும். வேளாண்மை, வனம், வருவாய் என்னும் மூன்று துறைகளும் ஒரே தாளில் ஒப்பமிட வேண்டும் என்பதே இதிலுள்ள ஒரே கடினம். அந்தத் தாள் வரும்வரை, நாமறிந்த உழவர்கள் வரப்போரத்து 50 கன்றுகளோடு நிறுத்திக்கொள்வார்கள்.