வென்றால் எவ்வளவு?

"வெல்லாவிட்டால் காசு வேண்டாம்" என்று இங்கே லண்டனில் சொலிசிட்டர்மார் விளம்பரம் போடுகிறார்கள். அது பாதிக் கதை. வென்றால் எவ்வளவு எடுப்பார்கள் என்பதை ஏன் அதே பெரிய எழுத்தில் போடுவதில்லை?

வழக்கு வென்றதற்கென்று சொலிசிட்டர் மேலதிகமாக எடுக்கும் கட்டணத்தை 2013 ஏப்ரலுக்கு முன் தோற்ற தரப்பே கட்டியது. இப்போது அது காயப்பட்டவரின் நட்டஈட்டிலிருந்து போகிறது. வலிக்கும் இதுவரையான இழப்புக்குமாக 8,000 பவுண் கிடைத்தால், அதில் 25 வீதம், அதாவது 2,000 பவுண் வரை கழிக்கலாம். எதிர்கால இழப்புக்கான பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

25 வீதம் என்பது சட்டம் வைத்த உச்சவரம்பு. கட்டாய விலை அல்ல. "எல்லாரும் இதுதான் எடுக்கிறார்கள்" என்றால் தலையாட்டாதீர்கள். குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். காப்புறுதிக் கட்டணமும், எதிர்த்தரப்பிடம் அறவிட முடியாத மிச்சச் செலவும் உங்கள் தலையில் விழுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் வீட்டுக் காப்புறுதியிலேயே சட்டச் செலவுக்கு இடமிருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள்.

மீன் கடையில் ஒரு பவுணுக்குப் பேரம் பேசுகிற நாங்கள், 2,000 பவுணுக்கு வாய் திறவாமல் கையெழுத்து வைப்பது என்ன நியாயம்?