ஒப்பந்தம் அவர்களுக்கு, வினாக்கொத்து எங்களுக்கா?

நம்ம பல்கலைக்கழகங்களின் முகநூல் பக்கங்களை வரிசையாகத் திறந்து பாருங்கள். ஒரே படம்தான் திரும்பத் திரும்ப வரும். நீள மேசை, இரண்டு கொடி, நடுவில் பூங்கொத்து. கோட்டுப் போட்ட இரண்டு பேர் கோப்புகளைக் கைமாற்றிக்கொண்டு கெமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கீழே, சர்வதேச ஆராய்ச்சிப் பங்காளித்துவத்துக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது என்று ஒரு வரி. அந்தக் கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது? மாணவர்களுக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்தால் பல விரிவுரையாளர்களுக்கும் தெரியாது. ஆனால் படத்துக்கு 'லைக்' மட்டும் குவிந்துவிடும்.

வெளிநாட்டோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்யக்கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். என் கேள்வி வேறு. எத்தனை ஒப்பந்தம், எத்தனை நாடு, எத்தனை கூட்டுக் கட்டுரை என்று எண்ணுகிறோமே, ஆராய்ச்சிக்கான கேள்வியை யார் தீர்மானித்தார், விடை எந்த மொழியில் யாரிடம் திரும்பி வந்தது என்று ஏன் ஒருவரும் எண்ணுவதில்லை?

ஏன் இந்த ஓட்டம் என்று பார்த்தால் முதல் காரணம் காசு. இலங்கை ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 வீதம்கூட இல்லை. 2012 இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் கல்விக்கு 6 வீதம் ஒதுக்கச் சொல்லி ஏறக்குறைய நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தது. அந்த 6 வீதம் இன்னும் சுவரொட்டியில்தான் இருக்கிறது. 2017 இல் உலக வங்கியிடமிருந்து உயர்கல்விக்கென்று 10 கோடி டொலர் கடன் வந்தது. 2022 நெருக்கடிக்குப் பிறகு விரிவுரையாளர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். இந்த நிலையில் வெளியிலிருந்து ஒரு திட்டம் காசோடு வந்தால் எந்தப் பீடம்தான் வேண்டாம் என்கும்? அந்தப் பசியை நான் கேலி செய்யவில்லை. ஆனால் பசியில் இருப்பவனிடம் கையெழுத்து வாங்குவது சுலபம், அதை மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது காரணம் தரவரிசை. 2019 செப்டெம்பரில் டைம்ஸ் உயர்கல்வித் தரவரிசையில் பேராதனை 401–500 அடுக்குக்குள் வந்தபோது கண்டிப் பக்கம் எல்லாருக்கும் சந்தோசம். சந்தோசப்பட வேண்டியதுதான். ஆனால் இந்தப் பட்டியல்கள் எதை எண்ணுகின்றன என்றும் பார்க்க வேண்டுமல்லவா? 2023 இல் வெளியான கியூ.எஸ். தரவரிசையில் 'சர்வதேச ஆராய்ச்சி வலையமைப்பு' என்று புதிதாக ஒரு அளவுகோல் சேர்த்தார்கள், 5 வீத மதிப்பு. ஐந்து வருடத்தில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு மூன்று கட்டுரையாவது சேர்ந்து எழுதியிருந்தால் அது நிலையான பங்காளித்துவம். அந்தக் கட்டுரைகளும் ஸ்கோபஸ் என்ற ஒரே தரவுத்தளத்தில் ஏறியிருக்க வேண்டும்.

இதன் அர்த்தத்தை நம்ம பீடத்தின் கண்ணால் பார்ப்போம். பேராதனை ஆய்வாளர் ஒருவரும் சென்னை ஆய்வாளர் ஒருவரும் பத்து வருடம் சேர்ந்து உழைத்து மாத்தளைத் தோட்டங்களின் ஒப்பாரிப் பாடல்களைத் தொகுத்து, தமிழில் அருமையான புத்தகமாகப் போட்டால் அதற்கு எத்தனை புள்ளி? பூச்சியம். அதே இரண்டு பேரும் நாலு பக்க ஆங்கிலக் கட்டுரை மூன்று போட்டால் புள்ளி உண்டு. ஆக, இந்த அளவுகோலின்படி நம்ம மக்கள் வாசிக்கக்கூடிய ஆராய்ச்சி ஆராய்ச்சியே இல்லை. பட்டியல் போடுகிறவர்கள் அப்படி நினைத்தால் நினைக்கட்டும். நம்ம நிர்வாகங்களும் அதையே மூலோபாயத் திட்டம் என்று எழுதி வைத்துக்கொள்வதைத்தான் தாங்க முடியவில்லை.

எங்கள் மாவட்டத்துக்கே வாருங்கள். மாத்தளையின் கிழக்கு ஓரத்தில் வில்கமுவ. நெல் விவசாயிகளின் ஊர். காரணம் கண்டறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவிய பிரதேசங்களில் அதுவும் ஒன்று. அந்த நோயைத் தேடி நாட்டுக்குள் வராத ஆய்வுக்குழு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு நடந்த ஆய்வின் முடிவுகள் 2013 இல் வெளிவந்தன, அதில் கட்மியம் பேசப்பட்டது. 2014 இல் கிளைபோசேட்டையும் கடின நீரையும் சேர்த்து ஒரு கருதுகோள் வந்தது. இன்னொரு பக்கம் புளோரைட்டு, வேறொரு பக்கம் வெயிலும் நீரிழப்பும். பேராதனையில் சீனாவோடு சேர்ந்து நீர்த் தொழில்நுட்ப ஆய்வு நிலையமே கட்டியாகிவிட்டது. இதில் நல்ல உழைப்பும் நேர்மையான விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. காரணம் இன்னும் உறுதியாகவில்லை என்பதும் அவர்கள் குற்றமில்லை, விஞ்ஞானம் மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் இரத்தமும் சிறுநீரும் கொடுத்த விவசாயிக்கு, இதுவரை எது தெரியும், எது தெரியாது என்று அவர் மொழியில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க எந்த விஞ்ஞானம் தடையாக இருக்கிறது?

இது வெறும் நூலக விசயமும் இல்லை. கிளைபோசேட்டை அரசாங்கம் 2015 இல் தடை செய்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தியது. யாரோ எழுதிய கட்டுரை சட்டமாகி, சட்டம் தோட்டத்தில் புல் வெட்டுகிறவர் கையில் வந்து நிற்கிறது. அந்தக் கையோடு யாராவது பேசினார்களா?

பேசினார்கள் என்று சொல்வார்கள். எப்படிப் பேசினார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். வெளிநாட்டு நிதியில் நடந்த ஒரு கணக்கெடுப்புக்காக மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றுக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். வினாக்கொத்து ஆங்கிலத்தில் பிறந்தது, தமிழுக்கு வந்தபோது நொண்டியது. "உங்கள் குடும்பத்தின் தாங்குதிறனை எப்படி மதிப்பிடுவீர்கள்?" இதை லயத்து வாசலில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்த பாட்டியிடம் எப்படிக் கேட்பது? நான் என் பாட்டுக்கு மாற்றிக் கேட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில், "தம்பி, போன வருசமும் இப்பிடித்தான் வந்து எழுதிட்டுப் போனாங்க. அது என்னாச்சு?" என்றார். "தெரியல பாட்டி" என்றேன். அன்றைக்குப் பயணக்காசு கிடைத்தது, மத்தியானச் சாப்பாடும் கிடைத்தது. எங்கள் கட்டுரை எங்கே வந்தது, வந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒழுக்கவியல் குழுவின் அனுமதி, சம்மதப் படிவம் எல்லாம் இருந்தன. ஆனால் படிவம் பேசச் சம்மதமா என்றுதான் கேட்டது. பேசியதைத் திருப்பித் தருவோம் என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை. 2024 இல் யால பூங்காவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் பிடித்து வைத்திருந்த இரண்டு இத்தாலியர்களுக்கு நீதிமன்றம் 6 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. சரியான தீர்ப்பு. நாட்டின் வண்ணத்துப்பூச்சி அனுமதியில்லாமல் வெளியே போகக் கூடாது. ஆனால் பாட்டியின் கதை ஒலிப்பதிவாகி வெளிநாட்டுப் பல்கலைக்கழகச் சேமிப்பகத்துக்குப் போகும்போது, ஒரு பிரதி இங்கே வைத்துவிட்டுப் போங்கள் என்று கேட்கக்கூட ஆளில்லை.

இனி, எல்லாம் வெளிநாட்டுக்காரன் சதி என்கிற கூட்டத்துக்கு வருவோம். அவர்களுக்கு ஒரு இடம் காட்டுகிறேன். அதுவும் எங்கள் மாவட்டம்தான். தம்புள்ளைக்குப் பக்கத்தில் இப்பன்கட்டுவ. கற்பலகைகளை நிறுத்தி, மேலே கல் மூடி, உள்ளே தாழிகளோடு கட்டிய பெருங்கற்கால ஈமக்காடு. ஏறக்குறைய 2500 வருடத்துக்கு முந்தியது. 1980களின் கடைசியில் களனிப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவகம் ஜெர்மன் தொல்லியலாளர்களோடு சேர்ந்து அங்கே தோண்டியது. அதே காலத்தில் சுவீடன்காரர்களோடு சேர்ந்து சிகிரியா, தம்புள்ளை வட்டாரத்தின் குடியிருப்புகளைத் தேடியது. கோட்டையும் ஓவியமும் மட்டுமே வரலாறு என்று இருந்த இடத்தில், இரும்பு உருக்கிய கிராமங்களையும் சாதாரண மக்கள் வாழ்ந்த மேடுகளையும் அந்தக் கூட்டு வெளியே கொண்டுவந்தது. தென்னிந்தியாவின் ஈமச்சின்னங்களுக்குச் சொந்தமான ஒரு புதைமுறை நம்ம மாவட்டத்தின் நடுவில் இருக்கிறது என்று காட்டியதும் இப்படிப்பட்ட வேலைதான். 'இந்த மண் ஒருத்தருக்கு மட்டும்தான்' என்கிறவர்களுக்கு அது பிடிக்காமல் இருப்பதில் அதிசயமில்லை.

அந்தக் கூட்டில் எனக்குப் பிடித்த விசயம், தேடலுக்குத் தலைமை தாங்கியது இங்கேயுள்ள நிறுவனம், செனக பண்டாரநாயக்க என்ற இங்கேயுள்ள பேராசிரியர். இங்கேயுள்ள மாணவர்கள் களத்தில் தொழில் பழகினார்கள். 1990 இல் அறிக்கை இங்கேயே புத்தகமாக வந்தது. குறை இல்லாமல் இல்லை. அது ஆங்கிலப் புத்தகம், தமிழில் நான் கண்டதில்லை. ஆனாலும் காசு வெளியிலிருந்து வந்தாலும் கேள்வி உள்ளிருந்து வரலாம் என்பதற்கு அது அத்தாட்சி.

நமக்கு இன்னும் நெருங்கிய முன்னோடி தனிநாயகம் அடிகள். 1952 முதல் 1961 வரை இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். ஐரோப்பிய நூலகங்களில் கிடந்த பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடிப் போனவர். 1964 இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றவர். முதல் மாநாடு 1966 இல் கோலாலம்பூரில், நாலாவது 1974 இல் யாழ்ப்பாணத்தில் நடந்தது. உலகத்தின் வாசலில் கேள்விக்காகக் காத்து நிற்காமல், தமிழ் என்ற தன் கேள்வியைத் தூக்கிக்கொண்டு போய் உலகத்தை அதில் பங்கெடுக்க வைத்தார் அவர். சர்வதேசப் பங்காளித்துவம் என்றால் நான் புரிந்துகொள்வது அதைத்தான்.

எங்கள் கையில் அப்படிக் கேள்வி இல்லையா? 2023 இல் மலையகத்துக்கு 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, ஜூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12 வரை, அந்தப் பாதையே ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போதுமான கேள்வி. அந்த வழியில் எத்தனை பேர் நடந்தார்கள், எத்தனை பேர் விழுந்தார்கள், எந்த ஊர்களிலிருந்து கிளம்பினார்கள்? தாள்கள் கொழும்பிலும் லண்டனிலும் சென்னையிலும் சிதறிக் கிடக்கின்றன. மொரிசியசில் மோக்கா என்ற இடத்தில் மகாத்மா காந்தி நிறுவகம் அங்கே போன ஒப்பந்தக் கூலிகளின் ஆவணங்களைப் பேணுகிறது. பேரப்பிள்ளைகள் போய்த் தங்கள் முன்னோரின் பெயரைத் தேடலாம். மாத்தளையில் பிறந்த பிள்ளைக்கு அப்படித் தேட ஒரு இடம் இருக்கிறதா? மொரிசியஸ், பிஜி, டர்பன், பினாங்கு, திருநெல்வேலி என்று நம்ம பல்கலைக்கழகங்கள் கைகோர்த்தால் எவ்வளவு பெரிய ஆராய்ச்சி நடக்கும்! ஆனால் தரவரிசைக்காரர் கண்ணுக்கு அது கவர்ச்சியாகத் தெரியாது. அதனால் மூலோபாயத் திட்டத்திலும் அது வராது.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், கேட்க வேண்டியதைக் கேட்டு வைக்கிறேன்.

1. கைச்சாத்திடும் ஒப்பந்தம் ஒவ்வொன்றும் முழுமையாக வெளியிடப்பட வேண்டும். யாருக்கு எவ்வளவு நிதி, தரவு யாருக்குச் சொந்தம், இரண்டும் அதில் தெரிய வேண்டும்.

2. நம்ம மக்களிடம் எடுத்த ஆய்வின் முடிவு தமிழிலும் சிங்களத்திலும் எளிமையாக எழுதப்பட்டு அதே ஊருக்குத் திரும்ப வேண்டும். அதற்கான செலவு திட்டத்தின் வரவுசெலவிலேயே இருக்க வேண்டும்.

3. ஒலிப்பதிவு, புகைப்படம், தரவு எல்லாவற்றிலும் ஒரு பிரதி இங்கேயுள்ள நூலகத்தில் இருக்க வேண்டும். பேசியவர் விரும்பாததை வெளியிடாமல் பூட்டி வைக்கலாம், ஆனால் பூட்டு இங்கே இருக்கட்டும்.

4. மொழிபெயர்த்த, களத்துக்குப் போன மாணவர்களுக்குச் சம்பளமும் கட்டுரையில் பெயரும் வேண்டும். பயணக்காசையும் சோற்றுப் பார்சலையும் பயிற்சி என்று சொல்லி ஏமாற்றக் கூடாது.

5. வினாக்கொத்து அச்சாவதற்கு முன் அந்த ஊர்க்காரர் சிலராவது அதைப் பார்த்து, இது தேவையில்லை, இதைக் கேளுங்கள் என்று சொல்ல இடமிருக்க வேண்டும்.

இவ்வளவு நிபந்தனை போட்டால் வெளிநாட்டுக்காரர்கள் வரமாட்டார்கள் என்று ஒரு பயம் காட்டுவார்கள். நல்ல ஆய்வாளர்கள் வருவார்கள். அவர்களில் பலர் தங்கள் நாட்டில் இதையே கேட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஐந்தையும் கேட்டு ஓடிப்போகிறவர் எதற்காக வந்தவர் என்று நமக்கும் விளங்கிவிடும்.

முதல் வேலைக்குக் காசு தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். உங்கள் பல்கலைக்கழகம் கடந்த ஐந்து வருடத்தில் கைச்சாத்திட்ட வெளிநாட்டு ஒப்பந்தங்களின் பிரதிகளைக் கேளுங்கள். நான் என் பல்கலைக்கழகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதத் தொடங்கிவிட்டேன். நீங்களும் எழுதுங்கள், கிடைப்பதை இங்கே சேர்ந்து வாசிப்போம்.