மழைமானியும் விளையாட்டும்

விளையாட்டின் வழியே நல்லொழுக்கம் புகட்டுவது நமக்குப் புதியதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் நம் முன்னோர் ஆடிய பரமபதத்தில் ஏணி புண்ணியம்; பாம்பு பாவம். ஆயினும் அங்கே ஏற்றியதும் தாயக்கட்டை, இறக்கியதும் தாயக்கட்டை. ஆடுவோன் தானாகத் தெரிந்தெடுக்க யாதொன்றும் இல்லை. இக்காலத்துக் கணினி விளையாட்டோ தெரிந்தெடுக்கும் பொறுப்பை ஆடுவோனிடமே விடுகின்றது. புற்றுநோயுற்ற இளைஞர்களுக்கென அமெரிக்காவில் 2006இல் வெளிவந்தது ‘ரீ-மிஷன்’. 375 நோயாளரைக் கொண்டு நிகழ்ந்த சோதனையின் முடிவு 2008இல் வெளியாயிற்று. வேறு விளையாட்டை மட்டும் ஆடியோரைவிட, இதனை ஆடியோர் மருந்தை ஒழுங்காக உட்கொண்டனராம். விளையாட்டினால் வெறும் பொழுதுபோக்கே என்பார் இதனைச் சற்று எண்ணுவாராக.

இத்தகைய ஒரு பழக்கம் நம் மலைநாட்டிலே உயிர்காக்கும். 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் அதனாலேயே பிழைத்தனர். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டத்தில் மலைகள் மீண்டும் சரிந்தன.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த கணக்கு எளியது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு. 100 என்றால் எச்சரிக்கை. 150 என்றால் வெளியேற வேண்டும். நாள்தோறும் மழைமானியைப் பார்த்துக் குறிக்கும் பிள்ளைக்குப் புள்ளி வழங்கும் விளையாட்டொன்றைக் கைத்தொலைபேசியில் அமைப்பது அரிதன்று. திரையில் தொடங்கும் ஆட்டம் முற்றத்து மழைமானியில் முடிய வேண்டும், அதுவே முக்கியம்.

ஆனால் இங்கே ஒரு வினா எழுகின்றது. அனர்த்தத் தணிப்புக்கென ஐக்கிய நாடுகள் சபை 2007இல் வெளியிட்ட ‘ஸ்டாப் டிசாஸ்டர்ஸ்’ என்னும் விளையாட்டில், வீடு எங்கே கட்டுவது என்பதை ஆடுவோனே முடிவு செய்கின்றான். பணமும் அவன் கையில். லயத்துப் பிள்ளைக்கு அந்த ஆசனம் ஏது? மீரியபெத்தவுக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. போக்கிடமின்றி மக்கள் அங்கேயே இருந்தனர். தப்பியோருக்குப் புதுவீடு கிடைத்ததோ 2016இல். ‘150 ஆயிற்று, வெளியேறு’ என்று கற்பித்துவிட்டு இடங்காட்டாத விளையாட்டு, பழியைப் பிள்ளையின் தலையிலேயே சுமத்தும்.

ஊவாவின் ஆசிரியர் எவரேனும் இதனை வகுக்க முற்பட்டால், முதற் கட்டத்தில் மழைமானியை வைக்கட்டும். இரண்டாங் கட்டத்தில், அன்றிரவு தங்கப்போகும் கட்டடத்தின் பெயரைப் பிள்ளை எழுத வேண்டும். எழுத இயலாவிடில் ஆட்டம் அங்கேயே நிற்கட்டும். அந்த வெற்றுத் தாளைத் தோட்டத் துரையிடமும் பிரதேச செயலாளரிடமும் ஆசிரியர் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.