அட்டை இருக்கு; மாத்திரை எங்கே?

"இன்சூரன்ஸ் அட்டைதான் இருக்கே, மாத்திரையைக் குடுங்க" என்று மருந்துக் கடையில் அட்டையை நீட்டும் பெரியவர்கள் உண்டு. கடைக்காரர் கையை விரிக்கிறார். பெரியவர் வாடிய முகத்தோடு திரும்புகிறார். தப்பு அவர் மேல் இல்லை. அட்டை கொடுத்தவர்கள் விளக்கிச் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமானாலும் சரி, 70 வயது ஆனவர்களுக்காக மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய திட்டமானாலும் சரி, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்பது ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெறுவதற்குத்தான். மத்தியத் திட்டத்தில், வீடு திரும்பியபின் 15 நாள் மருந்துக்கும் இடமுண்டு. அதோடு சரி! மாதாமாதம் விழுங்கும் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைக்குக் காலணா கிடையாது. சொந்தப் பணம் கட்டி எடுக்கும் பாலிசிகளிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

விளைவு? கையில் காசில்லாதவர் ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போடுகிறார். கொதிப்பு ஏறி, பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தால், அப்போது அட்டை வேலை செய்யும்! மாத்திரைக்குச் சில நூறு தராத திட்டம், படுத்த பிறகு ஆயிரக்கணக்கில் தருகிறது. இது என்ன கணக்கு?

பெரியவர்கள் இதைத் தெரிந்து கொள்ளட்டும். அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்த மாத்திரைகள் இலவசம். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டு வந்து தரத்தான் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. பக்கத்து நிலையத்தில் கேளுங்கள். வெளியில் வாங்குவோர், மருந்தின் மூலப்பெயரை டாக்டரிடம் எழுதி வாங்கி, மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் விசாரிக்கலாம். பிராண்டு மருந்தைவிட விலை வெகு குறைவு. ஆனால் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை மாற்றவோ நிறுத்தவோ கூடாது.

இலவச மருந்து நல்ல ஏற்பாடுதான். ஆனால் டாக்டர் எழுதும் எல்லா மருந்தும் அங்கே இருப்பதில்லை. மீதியை யார் தருவது? மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். மூலம் அன்றாட மாத்திரையும் கிடைக்கிறது. மூட்டை தூக்கியும் இட்லி விற்றும் மூத்தவருக்கு மட்டும் ஏன் இல்லை?

காப்பீட்டில் மாதாந்திர மருந்தையும் சேர்க்க வேண்டும். அதற்கு நாளாகும் என்றால், எதற்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை என்பதை அட்டையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிடட்டும். அதற்குக்கூடவா நிதி இல்லை?