ராக்கெட் இறங்கிய பிறகுதான் பாடம் தொடங்குகிறது

ராக்கெட் கிளம்பும்போது எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறோம். அது கீழே வந்த பிறகு, கரி படிந்த மோட்டாரைக் கழற்றிக் கழுவுபவரை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அடுத்த முறை அது பத்திரமாகப் பறக்குமா என்பது அந்தக் கழுவும் மேசையில்தான் தெரியவரும். மாணவர்களுக்கு நாம் கற்றுத்தர மறந்த பாடமும் அதுவே.

அமெரிக்காவில் உயர்திறன் மாதிரி ராக்கெட் விடுவது பெரியவர்களின் பொழுதுபோக்கு. ‘எச்’ வகையிலிருந்து, அதாவது 160 நியூட்டன்-விநாடிக்கு மேற்பட்ட மோட்டார்களைப் பயன்படுத்த, அங்குள்ள ராக்கெட் சங்கங்களின் சான்றிதழ் வேண்டும். இவர்களில் பலர் ஒரே அலுமினிய உறையை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள். எரிபொருள், உள்ளே செருகும் காப்புக் குழாய், ரப்பர் வளையங்கள் போன்றவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுகிறார்கள்.

அந்த உறை படும் பாடு கொஞ்சமல்ல. உள்ளே வெப்பம் 2,000 பாகை செல்சியசைத் தாண்டும். அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். எரிதல் சில விநாடிகளில் முடிவதாலும் காப்புக் குழாய் இடையில் நிற்பதாலும்தான் உறை தப்பிக்கிறது. எரிபொருளில் உள்ள அம்மோனியம் பெர்குளோரேட் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு உண்டாகிறது. பெரும்பகுதி புகையோடு போய்விடும். கரியில் எஞ்சியிருப்பது ஈரம் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் உறை ஆறியதும் அன்றைக்கே கழுவிவிடுகிறார்கள்.

கழுவும் முறை எளிது. காப்புக் குழாயை மரக்கோலால் தள்ளி வெளியே எடுக்க வேண்டும். சோப்பு நீரில் ஊறவைத்து, திருகுமரைகளைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்க்க வேண்டும். ரப்பர் வளையம் அமரும் பள்ளத்தைச் சுரண்டப் பல்குச்சி போதும். கத்தி முனை கூடாது. அங்கே விழும் ஒரு சிறு கீறல், சூடான வாயு கசியும் வழியாகிவிடும். பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போடக்கூடாது. அதன் காரத்தன்மையுள்ள சோப்புத்தூள், உறையைக் காக்கும் அலுமினியம் ஆக்சைடுப் படலத்தைக் கரைக்கும். படிவம் ஐந்து மாணவருக்குத் தெரிந்த வேதியியல்தான் இது.

துடைக்கும்போது கண்ணும் வேலை செய்ய வேண்டும். உறையின் ஓரிடத்தில் நிறம் வெளுத்திருக்கிறதா? எங்காவது புடைத்திருக்கிறதா? ரப்பர் வளையத்தைத் தாண்டிக் கரி போயிருக்கிறதா? இவை அழுக்குகள் அல்ல, செய்திகள்.

அச்செய்தியை அலட்சியம் செய்தால் என்னவாகும் என்பதற்கு வரலாறே சாட்சி. நாசாவின் விண்ணோடத்தைத் தூக்கிச் சென்ற திட எரிபொருள் ராக்கெட்டுகளும் மறுபயன்பாட்டு உறைகள் கொண்டவைதாம். கடலில் விழுந்தவற்றை இழுத்து வந்து, கழற்றிச் சுத்தம் செய்து, மீண்டும் பயன்படுத்தினர். 1985 ஜனவரியில் குளிர்நாளில் பறந்து திரும்பிய ராக்கெட்டைக் கழற்றியபோது, இரண்டு ரப்பர் வளையங்களுக்கு இடையே இருந்த கிரீஸ் கறுத்திருந்தது. சூடான வாயு முதல் வளையத்தைக் கடந்திருக்கிறது என்பது அதன் பொருள். பொறியியலாளர் ரோஜர் பாய்ஜோலி அவ்வாண்டே எச்சரித்தார். மேலதிகாரிகள் கேட்கவில்லை. 1986 ஜனவரி 28 அன்று, இன்னொரு குளிர்ந்த காலையில், சேலஞ்சர் 73 விநாடிகளில் சிதறியது. எழுவர் மாண்டனர்.

நம் பள்ளிகளில் இத்தகைய எரிபொருளுக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. நம்மிடம் இருப்பது நீர் ராக்கெட். பாடம் அதிலும் அதேதான். பலமுறை காற்றழுத்தம் ஏற்றிய பிளாஸ்டிக் போத்தலில் வெண்கோடு தோன்றினால் அது பலவீனமடைந்துவிட்டது என்று பொருள். ஏவுதளத்தின் ரப்பர் வளையத்தில் மணல் சேர்ந்தால் காற்று கசியும். ஆனால் நாம் மதிப்பெண் கொடுப்பது இலக்கின் அருகில் விழுந்ததற்கு மட்டும்தான்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்று சக ஆசிரியர்கள் சொல்வது நியாயமே. நான் கேட்பது பத்து நிமிடம். ஒவ்வோர் ஏவுதலுக்குப் பின்னும் மாணவர்கள் கருவியைத் துடைத்து, கண்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். போட்டி நடத்துவோர் பத்தில் இரண்டு மதிப்பெண்ணை அந்தக் குறிப்புக்கு ஒதுக்கட்டும். போத்தலில் விரிசலைக் கண்டு, “ஐயா, இதை இனி ஏவக்கூடாது” என்று ஒரு மாணவி சொன்னால், அவளுக்கு அந்த இரண்டு மதிப்பெண்ணையும் முழுதாகக் கொடுக்கலாம். நாளை அவள் எந்தத் தொழிற்சாலையில், எந்த மருத்துவமனையில் வேலை பார்த்தாலும், அப்படிச் சொல்லும் துணிவு பல உயிர்களைக் காக்கும்.