ஊனத்திற்கு ருசு

ஊனமுற்றவர் தம் ஊனத்தை அனுபவித்தால் மட்டும் போதாது. அதைச் சர்க்காருக்கு ருசுப்படுத்தவும் வேண்டும். பிரிட்டனில் 2013-ம் வருஷத்தில் ஏற்பட்ட ‘பெர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமெண்ட்’ என்னும் உதவித் தொகையின் வரலாறு இதற்குத் தக்க உதாரணம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தொகை மறுக்கப்பட்டவர் ஒரு மாதத்திற்குள் மறுபரிசீலனை கோர வேண்டும். அதிலும் பயன் இல்லையேல், அடுத்த ஒரு மாதத்திற்குள் சுயேச்சையான டிரிபியூனலுக்குக் கட்டணமின்றி அப்பீல் செய்து கொள்ளலாம். விசாரணை வரை சென்ற அப்பீல்களில் பாதிக்கு மேற்பட்டவை மனுதாரருக்கே சாதகமாக முடிந்து வந்திருக்கின்றன. ஆயினும், மறுப்புக் கடிதத்தைக் கண்டதுமே மனமுடைந்து நின்றுவிடுவோர் பலர். அவ்வாறு நிற்பது தவறு என்பதே நமது அபிப்பிராயம்.

அப்பீலுக்குச் செல்வோர் ஒன்றை மறக்கலாகாது. வியாதியின் பெயரை மட்டும் சொல்லும் வைத்தியரின் சீட்டு போதாது. உண்பது, உடுப்பது, நீராடுவது முதலிய 10 அன்றாடக் காரியங்களும், வெளியே சென்று வருவதைப் பற்றிய 2 காரியங்களுமே சட்டத்தின் அளவுகோல். அவற்றை எப்படியாவது செய்ய முடியுமா என்பதல்ல கேள்வி. அபாயமின்றி, திருப்திகரமாக, வேண்டிய தடவையெல்லாம், நியாயமான நேரத்திற்குள் செய்ய முடியுமா என்பதே கேள்வி. ஒரு வேளை சமைத்துவிட்டு அன்று முழுதும் எழுந்திருக்க இயலாதவரைச் சமைக்க வல்லவர் என்பது எங்ஙனம் பொருந்தும்? ஆகவே, தினந்தோறும் எழுதிய குறிப்பும், உடனிருந்து உதவுவோரின் கடிதமும் பெரும் பயன் தரும். மறுப்பு உத்தரவான தேதியில் இருந்த நிலைமையையே டிரிபியூனல் கவனிக்கும். பின்னால் வாங்கும் அத்தாட்சியும் அத்தேதியின் நிலையைக் குறித்தே பேச வேண்டும்.

வைத்தியர் கடிதத்திற்குக் கட்டணம் கேட்பதும் உண்டு. கையில் காசில்லாதவர் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. தம் வாயால் உள்ளதை உள்ளபடி சொல்வதும் சாட்சியமே. முதல் தீர்ப்பு மாறுவதற்கு அநேக சமயங்களில் காரணமாயிருப்பது அந்த வாய்மொழியே.

இதிலிருந்து சர்க்கார் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. கடைசியில் டிரிபியூனல் கேட்டு ஏற்கும் அதே சொல்லை, முதலில் வந்த அதிகாரியே பொறுமையுடன் கேட்டிருக்கலாகாதா? கேட்டிருந்தால், நோயாளியின் மாதங்கள் வீணாகியிரா. பொது ஜனங்களின் பணமும் விரயமாகியிராது. ருசுவைத் தேடித் திரியும் பாரத்தை, நடக்கவே முடியாதவர் தலையில் ஏற்றுவது நீதியாகாது.